நலங்கு வீட்டுச் சாமான் பட்டியல்: தலைக்கணக்குத் தெரிந்த கடையே தழைக்கும்

முகூர்த்த நாட்கள் நெருங்கும்போது திருவல்லிக்கேணி மளிகைக் கடைகளில் வழக்கமாகக் காணும் காட்சி இது. தாயும் மகளுமாக இரண்டு பேர் வருவார்கள். கையில் மடித்த தாள் ஒன்று இருக்கும். "அண்ணாச்சி, வெள்ளிக்கிழமை வீட்டில் பெண்ணுக்கு நலங்கு. நாற்பது பேர் வருவார்கள். சாயங்காலம் டிபன், குடிக்க ஏதாவது. என்னென்ன வாங்கணும், எவ்வளவு வாங்கணும், நீங்களே சொல்லுங்க" என்பார்கள்.

இந்தக் கேள்விக்கு நாம் என்ன பதில் சொல்கிறோம் என்பதில்தான் நம் வியாபாரத்தின் எதிர்காலம் அடங்கியிருக்கிறது. கல்யாணச் சாப்பாடு இப்போது பெரும்பாலும் சமையல் காண்டிராக்டரிடம் போய்விட்டது. மண்டபத்துக்கு வேண்டிய அரிசியும் பருப்பும் எண்ணெயும் அவர் வழக்கமாக வாங்கும் இடத்திலிருந்தே வந்து இறங்குகின்றன. தெருமுனை மளிகைக் கடைக்கு அதில் பங்கு இல்லை. ஆனால் கல்யாணத்துக்கு ஒன்றிரண்டு நாள் முன்பு வீட்டிலேயே நடக்கும் சிறு விசேஷங்கள் இன்னும் நம் கல்லாவுக்குத்தான் வருகின்றன. அவற்றையும் இழந்துவிட்டால் கல்யாண வியாபாரம் என்ற சொல்லே நம் கணக்குப் புத்தகத்தில் இருக்காது.

வீட்டுக்கு வீடு வழக்கம் வேறு

பல சமூகங்களில் கல்யாணத்துக்கு முன்பே பெண்ணை மணையில் உட்கார வைத்து, சுமங்கலிப் பெண்கள் மஞ்சள், சந்தனம், குங்குமம் பூசி நலங்கு வைப்பார்கள். பிராமணக் குடும்பங்களில் நலங்கு என்பது கல்யாணத்தன்று மாலை பெண்ணும் மாப்பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து விளையாடுவது. அங்கே அப்பளம் வாங்குவது சாப்பிடுவதற்காக மட்டுமல்ல. ஒருவர் தலைக்கு மேல் ஒருவர் உடைப்பதற்கும்தான். அதே குடும்பங்களில் கல்யாணத்துக்கு முன்பு சுமங்கலிப் பிரார்த்தனை உண்டு. அது பகல் சாப்பாடு. முடிவில் பானகமும் நீர்மோரும் சுக்கு வெல்லமும் தவறாமல் இருக்கும். வாலாஜா பெரிய பள்ளிவாசலைச் சுற்றியுள்ள வீடுகளில் மஞ்சள் வைப்பதும் மருதாணி இரவும் நடக்கும். அங்கே சர்பத்தும் பிரியாணியும் முக்கியம்.

இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. கல்லூரியிலும் வேலையிடத்திலும் உள்ள தோழிகள் கூடி 'பிரைடல் ஷவர்' என்று நடத்துகிறார்கள். அமெரிக்காவில் மணப்பெண்ணின் தோழிகளும் உறவுப் பெண்களும் கூடிப் புதுக்குடித்தனத்துக்கு வேண்டிய பொருட்களைப் பரிசாகக் கொடுத்து விருந்துண்ணும் வழக்கம் அது. நம்மவருக்குப் பெயர்தான் புதிது. பெண்கள் கூடுவது, பெண்ணுக்குச் சீர் கொடுப்பது, இனிப்பும் பானமும் பரிமாறுவது எல்லாம் நமக்குப் பழகியவையே. பெயரைக் கேட்டு மிரண்டு, "இது நம்ம கடைச் சரக்கு இல்லை" என்று அனுப்பிவிட வேண்டாம். அங்கேயும் பால் வேண்டும், சர்க்கரை வேண்டும், எலுமிச்சை வேண்டும், முந்திரி வேண்டும்.

நாங்கள் பட்ட பாடம்

இதை எழுதும் நாங்கள் தவறே செய்யாதவர்கள் அல்ல. சில ஆண்டுகளுக்கு முன்பு பக்கத்துத் தெருவிலிருந்து ஓர் அம்மாள் மகளின் நலங்குக்காகப் பட்டியல் கொண்டுவந்தார். அது யாரோ ஒரு சமையல்காரர் இருநூறு பேருக்கு எழுதிக் கொடுத்தது. அவர் வீட்டுக்கு வரப்போவது அறுபது பேர். பேச்சுவாக்கில் அதை அவரே சொன்னார். எங்கள் காதில் விழுந்தது. ஆனாலும் நாங்கள் வாய் திறக்கவில்லை. நல்ல ரொக்க வியாபாரம், நாமாக ஏன் குறைக்க வேண்டும் என்று மூட்டை மூட்டையாக நிறுத்துக் கட்டி அனுப்பினோம்.

விசேஷம் முடிந்த மூன்றாம் நாள் அந்த அம்மாள் கடைக்கு வந்தார். பாதிக்கு மேல் சாமான் மீந்துவிட்டது. செய்த இனிப்பில் பாதியை வேண்டியவர், வேண்டாதவர் எல்லோருக்கும் கொடுத்தும் தீரவில்லை. அவர் கோபப்படவில்லை. "உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே அண்ணாச்சி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார். அடுத்த வருடம் அவர் மகனுக்குக் கல்யாணம் நடந்தது. பத்திரிகை வைத்தார், மரியாதையாகப் பேசினார். சாமான் பட்டியல் மட்டும் எங்களிடம் வரவில்லை. மாதாந்திர மளிகையும் மெல்ல மெல்ல நின்றது. அன்று கிடைத்த லாபத்தையும் அதன்பின் இழந்ததையும் ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தோம். அன்றிலிருந்து எங்கள் கடையில் ஒரு விதி வைத்துக்கொண்டோம். விசேஷப் பட்டியல் வந்தால் கேள்வி கேட்காமல் தராசைத் தொடுவதில்லை.

முதலில் ஐந்து கேள்விகள்

ஒன்று, எத்தனை தலை? பெரியவர் எத்தனை, குழந்தைகள் எத்தனை என்று பிரித்துக் கேட்க வேண்டும். பத்து வயதுக்குள் உள்ள இரு குழந்தைகளை ஒரு தலையாகக் கொள்ளலாம்.

இரண்டு, என்ன நேரம்? மாலை நாலு மணிக்குக் கூடி ஆறரைக்குக் கலைகிறவர்களுக்கு டிபன் போதும். ஏழு மணிக்குக் கூடினால் இரவுச் சாப்பாட்டையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

மூன்று, வீட்டில் செய்வதா, வெளியில் வாங்குவதா? வீட்டிலேயே செய்வதானால் எத்தனை கை வேலைக்கு இருக்கிறது? இரண்டு பேர் மட்டும் அடுப்படியில் நிற்கும் வீட்டில் நாலு வகைப் பலகாரம் செய்யச் சொல்வது பாவம்.

நான்கு, சேர்க்கக் கூடாதது என்ன? கோயில் மாட வீதிகளில் பல வீடுகளில் விசேஷ நாளில் வெங்காயம், பூண்டு சேர்ப்பதில்லை. சிலருக்கு முந்திரியோ வேர்க்கடலையோ ஒத்துக்கொள்ளாது. சர்க்கரை வியாதி உள்ளவர் இல்லாத கூட்டம் இன்று கிடையாது.

ஐந்து, குளிர்சாதனப் பெட்டியில் இடம் உண்டா? திருவல்லிக்கேணி வீடுகளின் அளவு நமக்குத் தெரியும். ஆறு லிட்டர் பாலை வைக்க இடமில்லாத வீட்டுக்கு ரோஸ் மில்க் சொல்லி அனுப்பினால் மாலைக்குள் பால் திரிந்துவிடும்.

நாற்பது பேருக்கு மாலை டிபன்

இந்த ஐந்துக்கும் பதில் கிடைத்தபின் கணக்கு எளிது. எங்கள் கடையில் அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருக்கும் அளவுகளைக் கீழே தருகிறோம். உறுப்பினர்கள் தங்கள் அனுபவப்படி கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

கேசரி: ரவை 800 கிராம், சர்க்கரை ஒன்றரைக் கிலோவுக்குள், நெய் அரைக் கிலோவுக்குள், முந்திரி 100 கிராம், திராட்சை 50 கிராம். தலைக்கு ஏறத்தாழ 100 கிராம் கிடைக்கும்.

பஜ்ஜி: தலைக்கு இரண்டு வீதம் கடலை மாவு 1 கிலோ, அரிசி மாவு 200 கிராம், பொரிக்க எண்ணெய் 2 லிட்டர். வாழைக்காய் ஆறேழு போதும்.

சுண்டல்: கொண்டைக்கடலை 1 கிலோ. ஊறி வெந்தால் இரண்டு கிலோவுக்கு மேல் வரும்.

காப்பி: நாற்பதில் முப்பது பேர்தான் குடிப்பார்கள். பால் 3 லிட்டர், காப்பித் தூள் 300 கிராம், சர்க்கரை 400 கிராம்.

இரவுச் சாப்பாடும் உண்டென்றால் புளியோதரை, தயிர்சாதம் என்று இரண்டு கலந்த சாதம் போதும். இரண்டுக்கும் சேர்த்து அரிசி 4 கிலோ. பிரியாணி வீடானால் ஒரு கிலோ அரிசிக்கு எட்டு முதல் பத்துப் பேர் என்று கணக்கிடலாம்.

தாம்பூலம்: அழைத்தவர் நாற்பது என்றால் நாற்பத்தைந்து பைக்குப் பொருள் எடுத்து வைக்க வேண்டும். தலைக்கு இரண்டு வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், ஒரு தேங்காய் அல்லது பழம். சாப்பாட்டில் கொஞ்சம் குறைந்தால் சமாளித்துக்கொள்ளலாம். தாம்பூலம் குறைந்தால் காலத்துக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

அளவு மட்டும் சொன்னால் போதாது, தரமும் சொல்ல வேண்டும். கேசரிக்கு முழு முந்திரி தேவையில்லை, இரண்டாக உடைந்த முந்திரியே போதும், விலையும் குறைவு. இதை நாமே எடுத்துச் சொன்னால் வாடிக்கையாளர் மறக்கமாட்டார். ரவையில் வண்டு இருக்கிறதா என்று சலித்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும். பழைய கடலை மாவு கசக்கும். பழைய கொண்டைக்கடலை ஊறினாலும் வேகாது. அடி மூட்டையில் கிடக்கும் சரக்கைத் தள்ளிவிட விசேஷ வீடு நல்ல வாய்ப்பு என்று நினைப்பவர்கள் நம்மில் உண்டு. மாதச் சாமானில் நேர்ந்த குறையை ஒரு குடும்பம்தான் அறியும். விசேஷச் சாமானில் நேர்ந்த குறையை நாற்பது குடும்பங்கள் ஒரே மாலையில் அறிந்துகொள்ளும்.

குடிக்க என்ன?

பலகாரத்துக்கு யோசிக்கிற அளவு பானத்துக்கு யாரும் யோசிப்பதில்லை. கடைசி நேரத்தில் பெரிய பாட்டில் குளிர்பானம் நாலைந்து வாங்கி அடுக்கிவிடுகிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதம் மாறியபோது காற்றடைத்த இனிப்புப் பானங்களுக்கு 40 சதவீதம் என்று ஆயிற்று. நெய், பழரசம், மிக்சர் வகைகள், பாட்டில் குடிநீர் ஆகியவை 5 சதவீதத்துக்கு வந்தன. வெல்லத்திலும் தயிரிலும் செய்த பானம் வாடிக்கையாளரின் பைக்கும் நல்லது, வயிற்றுக்கும் நல்லது. நமக்கும் அதில் நாலு சரக்கு சேர்ந்து விற்கும்.

எங்கள் யோசனை ஒன்றே: ஓர் இனிப்புப் பானம், ஓர் உப்புப் பானம். இனிப்பு வேண்டாதவருக்கு அப்போது கையில் வெறும் தம்ளர் இருக்காது.

பானகம் நாற்பது பேருக்கு: வெல்லம் 1 கிலோ, தண்ணீர் 5 லிட்டர், எலுமிச்சை எட்டு, சுக்கு 20 கிராம், ஏலக்காய் 5 கிராம். வெல்லத்தைக் கரைத்துக் கட்டாயம் வடிகட்டச் சொல்ல வேண்டும். மண் இல்லாத வெல்லம் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

நீர்மோர்: தயிர் ஒன்றரை லிட்டர், தண்ணீர் நாலரை லிட்டர், இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லி, பெருங்காயம், உப்பு. புளிக்காத தயிராக இருக்க வேண்டும்.

ரோஸ் மில்க் கேட்பவர்களுக்கு: காய்ச்சி ஆறவைத்த பால் ஐந்தரை லிட்டர், ரோஸ் சிரப் 800 மில்லி வரை. பால் கலந்த எதுவும் சென்னை வெயிலில் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சித்திரை, வைகாசியில் ஒரு மணி நேரமே அதிகம். மொத்தத்தையும் கொண்டுவந்து கூடத்தில் வைக்காமல், பாதியைக் குளிரிலேயே வைத்துத் தவணையாக எடுத்துவரச் சொல்லுங்கள். குளிர்சாதன வசதி இல்லாத வீடானால் நன்னாரி சர்பத் போதும். சிரப்பும் எலுமிச்சையும் தண்ணீரும் இருந்தால் அவ்வப்போது கலந்துகொள்ளலாம். சிறிது சப்ஜா விதை ஊறவைத்துச் சேர்த்தால் பிரைடல் ஷவருக்கு வரும் தோழிகளும் விரும்பிக் குடிப்பார்கள்.

குடிநீர் தலைக்கு அரை லிட்டர் என்றால் இருபது லிட்டர் கேன் ஒன்று சரியாகப் போகும். கோடையில் இரண்டாவது கேன் வைத்துக்கொள்வது நல்லது.

இனி ஐஸ் விஷயம். நம் பேட்டைக்கும் ஐஸுக்கும் உள்ள உறவு பழையது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளைச் சேமித்து வைக்க டியூடர் என்ற வியாபாரி 1842-இல் கடற்கரையில் கட்டிய கிடங்குதான் ஐஸ் ஹவுஸ். இன்று அது விவேகானந்தர் இல்லம். அத்தனை தூரம் கடல் கடந்து வந்த சரக்கின் வியாபாரம், இயந்திரத்தில் ஐஸ் செய்யும் முறை இங்கேயே வந்ததும் கரைந்து போயிற்று. இன்று ஐஸ் தெருவுக்குத் தெரு கிடைக்கிறது. அதனாலேயே ஆபத்தும் இருக்கிறது. மீனைக் கெடாமல் வைக்கச் செய்யும் ஐஸை வாங்கி உடைத்து சர்பத்தில் போடுகிறவர்கள் உண்டு. அதைப் பானத்தில் சேர்க்கக் கூடாது. குடிநீரில் செய்த ஐஸ் கட்டியையே கேட்டு வாங்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பாத்திரத்தைச் சுற்றி ஐஸை அடுக்கிக் குளிர வைக்கலாம், உள்ளே போட வேண்டாம் என்று எச்சரியுங்கள். நாம் விற்காத பொருளைப் பற்றியும் நல்லது கெட்டது சொல்கிறோம் என்றால் நம் பேச்சில் நம்பிக்கை வரும்.

தட்டும் தம்ளரும்

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. பிளாஸ்டிக் கப், தம்ளர், தெர்மாகோல் தட்டு, உறிஞ்சு குழல், எந்தத் தடிமனானாலும் பிளாஸ்டிக் கைப்பை, பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப், பேப்பர் தட்டு எல்லாமே அதில் அடங்கும். "விசேஷத்துக்குத்தானே அண்ணாச்சி, உள்ளே இருந்தால் எடுங்க" என்று கேட்பார்கள். கொடுக்க வேண்டாம். அபராதம் நமக்குத்தான் வரும், கேட்டவருக்கு வராது. பாக்குமட்டைத் தட்டு, வாழையிலை, மந்தாரை இலை வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது எவர்சில்வர் தம்ளர்களை வாங்கி வைத்து, சாமான் வாங்குகிற வீட்டுக்கு முன்பணம் பெற்றுக்கொண்டு இரவல் கொடுக்கலாம். ஒருமுறை போட்ட முதல் பல வருடம் வாடிக்கையைக் கொண்டுவரும்.

கொண்டு சேர்ப்பதும் திரும்ப எடுப்பதும்

சாமானை விசேஷத்துக்கு முந்தின நாளே சேர்ப்பது நல்லது. சேப்பாக்கம் மைதானத்தில் ஆட்டம் நடக்கும் நாளிலும், பார்த்தசாரதி கோயிலில் வைகுண்ட ஏகாதசி, பிரம்மோற்சவ நாட்களிலும் நம் தெருக்களில் சைக்கிள்கூட நுழையாது. பட்டியல் வாங்கும்போதே நாட்காட்டியைப் பார்த்துவிட வேண்டும்.

பிரிக்காத பாக்கெட்டை மூன்று நாளுக்குள் கொண்டுவந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்று பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். இது நஷ்டம் என்று தோன்றும். எங்கள் அனுபவத்தில் அப்படி இல்லை. திரும்பி வருவது மிகச் சொற்பம். அதைக் கொண்டுவரும் கையே மாதச் சாமானுக்கும் பட்டியல் கொண்டுவரும். தயிர், பால், நிறுத்துக் கட்டிய சில்லறைச் சரக்கு ஆகியவற்றை மட்டும் திரும்ப எடுக்க இயலாது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பாக்கெட்டுகளில் காலாவதித் தேதி பார்த்து, இன்னும் இரண்டு மாதமாவது இருப்பதையே விசேஷ வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். மீந்தாலும் அவர்களுக்குப் பயன்படும்.

காய்கறிக்கு ஜாம்பஜார், பூவுக்கும் வெற்றிலைக்கும் கோயில் வாசல் என்று நம்மிடம் இல்லாத பொருள் கிடைக்கும் இடத்தைப் பட்டியலின் பின்பக்கம் எழுதிக் கொடுப்பதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

மொத்த வியாபாரிகளுக்கு ஒரு வேண்டுகோள்

தை, மாசி, வைகாசி, ஆவணி, ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் முகூர்த்தம் கூடும். ஆடியிலும் மார்கழியிலும் அநேகமாக இல்லை. பஞ்சாங்கத்தைப் பார்த்து ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் மூன்று நாள் முன்பே சில்லறைக் கடைகளுக்கு நெய், முந்திரி, ரவை, வெல்லம், சிரப் வகைகள் வந்து சேர வேண்டும். மூட்டையாகத்தான் எடுக்க வேண்டும் என்று சிறு கடைகளைக் கட்டாயப்படுத்தாமல் அரை மூட்டை, கால் பெட்டி என்று பிரித்துக் கொடுத்தால் பழைய சரக்கு தேங்காது. சில்லறைக் கடையில் சரக்கு புதிதாக இருந்தால்தான் மொத்தக் கடைக்கும் ஓட்டம் இருக்கும்.

நம் பேட்டை கண்ட போட்டி

பத்து நிமிடத்தில் வீட்டு வாசலில் சாமானைக் கொண்டுவந்து போடும் நிறுவனங்களோடு எப்படிப் போட்டி போடுவது என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்கிறோம். போட்டி நமக்குப் புதிதல்ல. 1904-இலேயே, நியாயமான விலையும் சரியான எடையும் வேண்டும் என்று இங்கே குடியிருந்தவர்கள் கூடி திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். இந்தியாவின் நுகர்வோர் கூட்டுறவுக்கே அது முன்னோடி. அந்தச் சங்கமும் வளர்ந்தது, தனிக் கடைகளும் நிலைத்தன. எடையையும் விலையையும் சரியாக வைத்துக்கொண்ட கடைகளே அப்போது நிலைத்திருக்க முடியும்.

இன்றைய போட்டியில் வேகத்தால் நாம் ஜெயிக்க முடியாது. கைப்பேசியில் பட்டியல் போட்டால் கேட்டதைக் கேட்டபடி அனுப்புவார்கள். இருநூறு பேர் பட்டியலை அறுபது பேர் வீட்டுக்கு அனுப்புவதில் அவர்களுக்குத் தயக்கம் இருக்காது. "இவ்வளவு வேண்டாம் அம்மா, இதில் பாதி போதும்" என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. அதைச் சொல்லக்கூடியவர்கள் நாம். அந்த ஒரு வார்த்தையை நாங்கள் ஒருமுறை விழுங்கினோம். அதன் விலை என்ன என்று எங்களுக்குத் தெரியும்.

ஆகவே வரும் முகூர்த்தத்துக்குள் உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் ஒரு காரியம் செய்ய வேண்டும். நாற்பது பேருக்கான அளவுகளை ஓர் அட்டையில் எழுதிக் கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். கடைப்பையனுக்கும் அந்த ஐந்து கேள்விகளைச் சொல்லிக் கொடுங்கள். பட்டியலோடு வரும் தாய்க்கும் மகளுக்கும் உட்கார ஒரு ஸ்டூல் போடுங்கள். கேட்டபின் நிறுங்கள். அந்தப் பெண் கல்யாணமாகிப் போய், ஒரு வருடம் கழித்து வளைகாப்புக்குத் தாய்வீடு வருவாள். அந்தப் பட்டியலும் நம் கடைக்கே வரட்டும்.